பாதி டேங்கில் விழுந்துவிடும் பெட்ரோல் முள்

டேங்க் நிரம்பியிருக்கும்வரை முள் ஒழுங்காக நிற்கிறது. பாதிக்கு வந்ததும் சட்டென்று காலிக்கு விழுகிறது. குழியில் ஏறி இறங்கினால் எழுந்துகொள்கிறது. இதை மட்டும் வைத்து, டேங்குக்குள் பெட்ரோல் அளவை மிதவையால் அறியும் சென்சாரைப் புதிதாக வாங்கிவிடக் கூடாது. டாஷ்போர்டு மீட்டர், வயர், எர்த் எதில் கோளாறு என்றாலும் முள் இப்படி ஆடலாம்.

முதலில் மீட்டர். இக்னிஷனை அணைத்து, பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மேலுள்ள கப்ளரை (வயர்களை இணைக்கும் சொருகியை) பிரித்தாயிற்று. தடித்த வயர் இரண்டும் பம்புக்கு, மெல்லியவை சென்சாருக்கு, அவற்றில் ஒன்று எர்த். இந்த வண்டியில் சென்சாரின் மின்தடை டேங்க் நிறைந்தால் சுமார் 4 ஓம், காலியானால் 110 ஓம். (எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பழைய அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் காலிக்கு 0, நிறைவுக்கு 90 என்று தலைகீழாக இருக்கும்.) சென்சாருக்குப் பதிலாக வண்டிப் பக்கக் கப்ளரில் அரை வாட் ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றிச் செருகியதில், 10 ஓமுக்கு முள் நிறைவை ஒட்டியும், 33க்குப் பாதியிலும், 100க்குக் காலி அருகிலும் நின்றது. முள் மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் நல்ல மீட்டரையே சந்தேகப்படுவோம். மீட்டரும் வயரும் சரி. ரெசிஸ்டர் அந்த எர்த் வயர் வழியாகத்தான் வேலை செய்தது என்பதால் எர்த்தும் சரி.

இனி டேங்கைத் திறந்தாக வேண்டும். கால் டேங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கட்டும். கப்ளரை மாட்டி, பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் பிரஷர் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டித் தரையிலேயே தேங்கும். கதவு எல்லாம் திறந்திருக்க, வெட்டவெளியில் மட்டுமே இந்த வேலை. டேங்க் மூடியைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் அடித்தால் பொறி பறக்கலாம். மரக்கட்டை அல்லது பித்தளை.

வெளியே எடுத்த சென்சாரில் மிதவையை மேல்கோடியிலும் கீழ்கோடியிலும் வைத்து அளந்தால் 4, 112 ஓம். சரியாகத்தான் இருக்கிறது! பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மிதவைக் கையை மிக மெதுவாக நகர்த்தியபோது நடுவில் ஓரிடத்தில் தொடர்பே அறுந்தது. டிஜிட்டல் மல்டிமீட்டர் இதைத் தவறவிடலாம். முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் துள்ளல் பளிச்சென்று தெரியும். வண்டி அதிகம் ஓடுவது பாதி டேங்கில் என்பதால் தேய்மானமும் அங்கேதான் கூடுதல். பெட்ரோலில் உள்ள கந்தகம், மிதவைக் கை உரசி நகரும் வெள்ளித் தடத்தோடு சேர்ந்து படிந்த கறுப்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்ததும் தொடர்பு திரும்பியது. உப்புத்தாள் போடவே கூடாது, தடமே உரிந்துவிடும். ஆனால் தடத்தில் பள்ளம் கண்ணுக்கே தெரிந்ததால் தடம் பதிந்த சென்சார் கார்டையே மாற்றியாயிற்று. மிதவையையும் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அதுவும் போயிற்று.

மூடிக்கு அடியிலுள்ள பழைய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பெட்ரோலில் ஊறி உப்பிப் பள்ளத்தில் உட்காராது, புதியதைக் கையில் வைத்துக்கொண்டே திறப்பது நல்லது. மூடிய பிறகு ஐந்தைந்து லிட்டராக ஊற்றிப் பார்த்ததில், பாதியைத் தாண்டும்போதும் முள் ஆடவில்லை.