ஓட்டுநருக்கு மதிப்பெண் வேண்டாம்

பேருந்தில் பொருத்தும் கருவி ஒன்றை அம்பத்தூரில் தயாரித்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறோம். வண்டி எங்கே வருகிறது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் கட்டுப்பாட்டு அறைக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் ஏஐஎஸ் 140 என்ற வாகனக் கண்காணிப்புக் கருவித் தரத்தில் இதே வகைக் கருவிகளை நிறைய விற்றிருந்த தெம்பில்தான் ஜெர்மனிக்குப் போனோம்.

அங்கே எடுத்த எடுப்பில் கேட்டது, இது ஐபிஸுடன் இணையுமா என்று. பேருந்துக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும், விநாடிக்கு 1200 பிட் மட்டுமே அனுப்பும் அரதப் பழைய இணைப்பு முறை அது. எனக்கு எரிச்சலாக வந்தது. பணிமனைக்குள் போய்ப் பார்த்த பிறகு அடங்கினேன். புத்தம்புது மின்பேருந்துக்குப் பக்கத்திலேயே கிழட்டு டீசல் வண்டியும் நிற்கிறது. அதன் ஊர்ப்பெயர்ப் பலகைக்கு ஐபிஸ் தவிர வேறெதுவும் தெரியாது. பலகை ஒழுங்காக எரியும்வரை அதைக் கழற்ற மாட்டார்கள். எங்கள் கருவி கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது கைபேசி வலையமைப்பு வழியாக; ஜெர்மனியில் 2021இல் 3ஜியை நிறுத்திவிட்டு, அதைவிடப் பழைய 2ஜியை ஓடவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புதியது எதுவோ அதுதான் நிலைக்கும் என்று நம்பி மோடம் வாங்கியவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் எங்கள் மோடத்தைத் தனி மின்சுற்றுப் பலகையாக்கி, நான்கு திருகுகளில் கழற்றும்படி வைத்தோம். விலை கூடியது, முகம் சுளிக்காமல் வாங்கினார்கள்.

சான்றிதழ்களைப் பற்றி எழுதினால் முடியாது. கருவியின் முதுகில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் இருந்தாக வேண்டும்: ஜெர்மனிக்கு 1, நெதர்லாந்துக்கு 4. இணையப் பாதுகாப்புக்கான ஐநா விதி 155, 2024 ஜூலை முதல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயமானதிலிருந்து, மென்பொருளின் ஒவ்வொரு துண்டுக்கும் பூர்வீகம் கேட்கிறார்கள்.

நாங்கள் பெருமையாகக் காட்டியது ஓட்டுநர் மதிப்பெண். திடீரென பிரேக் பிடித்தால் குறையும். பதமாக ஓட்டி மின்சாரம் மிச்சப்படுத்தினால் ஏறும். இங்கே முதலாளிகள் முதலில் கேட்பதே அதைத்தான். ஜெர்மனியிலோ, ஊழியரின் நடத்தையைக் கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பக் கருவிக்கும் ஊழியர் மன்றம் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஓட்டுநர்கள் சார்பில் ஓர் அம்மாள் வந்திருந்தார். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள், என் பெயர் வருமா என்று மூன்றே கேள்விகள். எங்கள் விளக்கப் படங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

பெயரை எடுத்துவிட்டோம். மதிப்பெண் ஓட்டுநரின் திரையில் மட்டும் தெரியும், பணி முடிந்ததும் அழிந்துவிடும். நிர்வாகத்துக்கு வழித்தடவாரியாக மின்செலவுக் கணக்கு போகும். இதுவே மேலான கருவி என்பது என் கட்சி. திட்டு விழும் என்ற பயமில்லாதவர்தான் திரையை நம்பிப் பார்ப்பார்.

இங்குள்ள ஒரு வாடிக்கையாளரிடமும் இந்தப் பதிப்பைக் காட்டினேன். "பேரே தெரியாவிட்டால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது சார்?" என்றார். அவருக்குப் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.