எல்1 வந்தால் போதுமா?

நேற்று ராத்திரி ஒரு பள்ளிக்கூடக் கட்டட டெண்டரின் ஒப்பீட்டுப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். மொத்தத் தொகையில் எல்1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவராக வந்தவர், மண் தோண்டவும் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கும் மதிப்பீட்டைப்போல இரண்டு மடங்கு போட்டுவிட்டு, பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் அடிமாட்டு ரேட் போட்டிருக்கிறார். முதல் இரண்டு பில்லிலேயே காசை எடுத்துவிட்டால், ரூஃப் போட்டதும் வேலை படுத்துவிடும். தோண்டும் அளவு கொஞ்சம் கூடினாலே எல்1 யார் என்பதே மாறிவிடும்!

சில வகைப் பணிகளுக்குத் தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் அனுமதித்தது. சின்னக் கட்டடத்துக்கு அது வேண்டாம், சரி. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் கேட்கும் ஐட்டம் ரேட் டெண்டரில் ஐட்டத்தைப் பார்க்காமல் கடைசி வரியை மட்டும் பார்த்தால் எப்படி? காலையில் முதல் வேலையாக அந்த எல்1 காரரிடம் ரேட் அனாலிசிஸ், அதாவது ஒவ்வொரு ரேட்டும் எப்படி வந்தது என்ற கணக்கு, கேட்டுக் கடிதம் போட்டுவிட்டேன்.