மதிலுக்கு உள்ளே திரும்பிய கமரா

எங்கள் ஒழுங்கையில் மதில் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் இப்போது கமரா இருக்கிறது. திருட்டுப் பயம் ஒரு காரணம், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் மற்றொரு காரணம். இரண்டாவதுதான் வலியது என்பது என் எண்ணம். ரொறன்ரோவிலிருந்து மகன் பணம் அனுப்பிப் பூட்டுவித்த கமரா படலையை மட்டும் பார்ப்பதில்லை. அது விறாந்தையையும், சில வீடுகளில் ஹோலையும் சேர்த்தே பார்க்கிறது.

என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "மத்தியானம் குளிசை போடாமல் ஏன் படுத்தனீங்கள் அம்மா?" என்று மகன் தொலைபேசியில் கேட்டபோது, இவ்வளவு தூரத்திலிருந்தும் தன்னைக் கவனிக்கிறானே என்று அவர் முதலில் பூரித்துத்தான் போனார். சில மாதங்களில், அயல் வீட்டு மாமி வந்தால் விறாந்தையில் இருத்திக் கதைப்பதை விட்டுவிட்டு, கமரா எட்டாத குசினி வாசலுக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார். அவர்கள் கதைப்பது மருமகளைப் பற்றியோ சீட்டுக் காசைப் பற்றியோ இருக்கலாம்; ஒளிக்க வேண்டிய பெரிய இரகசியம் எதுவுமில்லை. யாரும் அவரைத் தடுக்கவுமில்லை. ஆனாலும் தன் வீட்டில் எங்கே இருந்து கதைப்பது என்பதை அவர் இன்னொருவரின் பார்வையை வைத்தே தீர்மானிக்கிறார். கண்காணிப்பு சுதந்திரத்தைக் குறைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான், அதுவும் அன்பின் பெயரால் வரும்போது மறுத்துப் பேசவும் வாய் வராது.

யாழ்ப்பாணத்தில் முன்னர் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிடுகு வேலியை ஆளுயரத்துக்கு அடைத்த ஊர்தான் அந்த வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கவும் செய்தது. யாருடைய மகள் எந்தச் சந்தியில் யாரோடு நின்றாள் என்ற செய்தி, அவள் சைக்கிளில் வீடு வந்து சேரும் முன்பே வந்துவிடும். அது கொடுமைதான், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. ஆனால் பார்த்தவர் யாரென்று தெரியும், அவர் சொன்னதை மறுக்க முடியும், காலப்போக்கில் ஊரும் மறக்கும். கமராப் பதிவில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. ஒரு கடைக்காரர் தன் கடை வாசல் பதிவிலிருந்து சில விநாடிகளை வெட்டி வைபர் குழுவில் போட்டால், அதில் அகப்பட்டவர் திருடனா, வெறுமனே நின்றவரா என்று விசாரிக்கும் முன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. கமராவைப் பூட்டித் தந்த இளைஞர் இட்டுத் தந்த கடவுச்சொல்லை எத்தனை வீடுகளில் மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

குடாநாட்டை விட்டு வெளியேறப் படையினரின் அனுமதி வாங்கவேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். போர் முடிந்த பின்னரும், 2011 இல், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்பங்களைப் பதிவு செய்தபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதும் எங்கள் சமூகமே. அப்படிப்பட்ட நாங்கள் இன்று சிம் அட்டை வாங்கும்போதும், ஓர் அலுவலக வாசலில் காவலாளியின் கொப்பியில் பதியும்போதும், தேசிய அடையாள அட்டை இலக்கத்தை ஏனென்று கேளாமல் கொடுக்கிறோம். அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 இல் 12 இலக்கங்களாக மாறிய பின்னரும் இதே முறைதான். கொப்பியைப் புரட்டும் எவரும், அடுத்துக் கையெழுத்திட வருபவர் உட்பட, முன்னர் வந்து போன பெண்ணின் வயதைக் கணித்துவிடலாம்.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களுடன் நான் வாதிடுவது குறைவு, ஏனெனில் அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை மட்டும் நினைவூட்டுவேன். அவர்களிடமும் மறைக்க எதுவும் இல்லை. பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருப்பவரிடம் என்ன இரகசியம் இருக்கும்? ஆயினும் சிவில் உடையில் வந்து படம் எடுப்பவர்களைக் கண்டதும், கூட வந்த உறவினர் சிலர் அடுத்த முறை வராமல் விடுகிறார்கள். வராமல் விட்டவர்களை எந்தக் கமராவும் பதிவதில்லை.

சட்டம் கைகொடுக்குமா? 1978 இன் இலங்கை அரசியலமைப்பு தனியுரிமையை ஓர் அடிப்படை உரிமையாகத் தனியே குறிப்பிடவில்லை. இந்தியாவிலோ 2017 இல் ஒன்பது நீதியரசர்கள் கொண்ட ஆயம் அதை அடிப்படை உரிமையென்று தீர்ப்பளித்தது. எங்களுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்தள்ளப்பட்டன. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக மட்டும் வைத்திருக்கும் தரவுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே பெரியம்மாவின் விறாந்தை விவகாரத்தைக் குடும்பம்தான் பேசித் தீர்க்கவேண்டும். படலைக் கமரா இருக்கட்டும், உள்ளே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. பெரியம்மாவின் மகனுக்கு, அதாவது என் தம்பிக்கு, இதில் உடன்பாடில்லை.

தனியார் கல்வி நிலையங்களின் கதை வேறு. அவை வீடுகள் அல்ல. வகுப்பறைக்குள் கமரா பூட்டிய ஒரு நிலையத்தின் பொறுப்பாளரிடம், பதிவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பெற்றோர் கேட்டதால்தான் பூட்டினோம் என்றார். நான் கேட்டதற்கு அது பதிலல்ல என்பதால், அதே இரண்டு கேள்விகளை எழுதி அங்கு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலரிடம் கொடுத்திருக்கிறேன். மாணவர்களின் கருத்தையும் கேட்கவேண்டும் என்ற மூன்றாவது வரியை அதில் சேர்த்தவர், அங்கே உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியின் தாய்.