வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் வந்தால்

"நாளைக்கே காலி பண்ணுங்க" என்று ஓனர் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். குடியிருப்பவரைக் கட்டாயப்படுத்தி வெளியேற்ற வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்த அதிகாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிடையாது.

பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்றச் சொல்லி ஓனர் மனுப் போட, இரண்டு மாத வாடகை நின்றிருக்க வேண்டும். கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்தோடு, தபாலிலோ நேரிலோ வரவேண்டும். வீட்டில் இருப்பவர் வாங்கினாலும் உங்களுக்குக் கிடைத்த மாதிரிதான். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது வீண் வேலை, கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கவரின் மேல் வாங்கிய தேதியை எழுதிவையுங்கள். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதம் தாண்ட விடாமல் பாக்கியை வட்டியோடு முழுசாகத் தீர்ப்பதுதான் பத்திரம்.

அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். வாடகை 12,000, இரண்டு மாத பாக்கி 24,000 என்றால், நோட்டீஸில் 37,500 என்றுகூட இருக்கலாம். பிரித்துக் கேட்டால் பெயின்ட் செலவு, பழைய மோட்டார் ரிப்பேர் எல்லாம் உள்ளே இருக்கும். அக்ரிமென்ட்டில் இல்லாததை மறுத்துப் பதில் எழுதுங்கள். ஒப்புக்கொள்ளும் தொகையை மட்டும் உடனே அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும்போது "ஜூன் 2025 வாடகை" என்று குறிப்பு போடுவது முக்கியம். எந்த மாதத்துக்கு என்று நீங்கள் சொல்லாவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 60-ஆம் பிரிவுப்படி வாங்குபவர் தன் விருப்பம்போல் பழைய பாக்கியில் வரவு வைத்துக்கொள்ளலாம். நடப்பு மாத வாடகை கட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் கணக்கில் அது நிலுவை. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது சட்டப்படி உங்கள் உரிமை. வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் (வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) செலுத்த வழி உண்டு. வழக்குக்கு ஆதாரம் சேர்ப்பதற்காகவே வாடகையை வாங்க மறுக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள், அதனால் சும்மா இருந்துவிடாதீர்கள்.

"அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பதை நம்பி உட்காராதீர்கள். அட்வான்ஸ் காலி செய்யும்போது தீர்க்க வேண்டிய கணக்கு. ஓனர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய அது வாடகை ஆகாது.

கரண்ட், தண்ணீரை ஓனர் நிறுத்தினால் வாடகைச் சட்டம் 20-ஆம் பிரிவில் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். பாக்கி இருப்பது அதற்குச் சாக்கு இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: மனு பாக்கிக்காகத்தான் வரும் என்று இல்லை. எழுத்துப்பூர்வ அக்ரிமென்ட் போடவில்லை என்பதே வாடகைச் சட்டம் 21(2)(அ) பிரிவில் தனிக் காரணம். பாக்கியை எல்லாம் கட்டிய பிறகும் இதை வைத்து வெளியேற்றலாம். அதனால் சம்மன் வந்ததும் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். பாக்கி கட்டிய ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், 21(2)(அ) மனுவில் அது கைகொடுக்காது. ஓனரிடம் அக்ரிமென்ட் போடச் சொல்லிக் கேட்ட கடிதமோ மெசேஜோ இருந்தால் அதையும் சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். குறித்த தேதிக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும்.