டேபிள் காலியாக வந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்: வெப் லேப் பிராக்டிகல் அனுபவம்

எம்சிஏ வெப் லேப் பிராக்டிகல், 3 மணி நேரம். எனக்கு வந்த கேள்வி இதுதான்: நூலகப் புத்தகங்களையும், அவற்றை யார் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் டேட்டாபேஸிலிருந்து எடுத்து வெப் பக்கத்தில் அட்டவணையாகக் காட்ட வேண்டும், கடைசி வரியில் மொத்த அபராதம் வர வேண்டும். நாங்கள் படித்தது பைத்தான், வெப் பக்கம் செய்ய ஃபிளாஸ்க், டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட், டெம்ப்ளேட்டுக்கு (டேட்டாவை நிரப்பிக் காட்டும் பக்க வடிவம்) ஜின்ஜா. ரெக்கார்டு நோட்டில் இதே மாதிரி ஒன்று எழுதியிருந்தேன், அதனால் தைரியமாகத்தான் உட்கார்ந்தேன்.

ரன் செய்தால் தலைப்பு வரி மட்டும் வந்தது. கீழே ஒரு புத்தகம்கூட இல்லை. ஆனால் டெர்மினலில் 12 வரிகளும் அழகாக நிற்கின்றன, ஏனென்றால் குவரி (டேட்டாபேஸிடம் டேட்டா கேட்கும் கட்டளை) சரிதானா என்று பார்க்க நானே ஒரு லூப் போட்டு பிரின்ட் செய்திருந்தேன். டேட்டா வருகிறதே, அப்படியென்றால் தப்பு டெம்ப்ளேட்டில்தான் என்று முடிவு கட்டி, லூப்பை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்ததில் 40 நிமிடம் போய்விட்டது. தப்பு அந்த பிரின்ட்டிலேயே இருந்தது. குவரி ஓடியதும் கையில் கிடைப்பது கர்சர், வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது. அதில் உள்ள வரிகளை ஒரு தடவைதான் படிக்க முடியும். டெர்மினல் லூப் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டது, டெம்ப்ளேட்டுக்குப் போனது வெறும் கர்சர். குவரி ஓடியவுடன் ஃபெட்ச்ஆல் (fetchall) போட்டு லிஸ்ட்டாக வாங்கியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றியிருக்கலாம்.

அன்றிலிருந்து காலியான டேபிளைப் பார்த்தால் நான் செய்யும் முதல் வேலை, பிரவுசரில் கன்ட்ரோல் யூ அழுத்தி சோர்ஸைப் பார்ப்பது. காலியில் இரண்டு வகை உண்டு. வரிகளே இல்லையென்றால் குவரியையும் கர்சரையும் பாருங்கள். வரிகள் இருக்கின்றன, கட்டங்களுக்குள் மட்டும் ஒன்றுமில்லை என்றால் நெடுவரிசையின் (column) பெயரில் சிக்கல். எஸ்க்யூலைட் தானாகக் கொடுப்பது டப்பிள் (tuple, மதிப்புகளின் வரிசை), அதில் பெயர் கிடையாது, 0, 1, 2 என்ற எண்தான். நீங்கள் டெம்ப்ளேட்டில் பெயரைப் போட்டால் ஜின்ஜா எரர் காட்டாது, சத்தமில்லாமல் காலியாக விட்டுவிடும். கனெக்‌ஷனில் ரோ ஃபேக்டரியை (row_factory) எஸ்க்யூலைட்3 ரோ (sqlite3.Row) என்று ஒரு வரியில் மாற்றிவிட்டால் பெயரைச் சொல்லியே எடுக்கலாம். வீட்டில் பழகும்போது ஜின்ஜாவில் ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்டு (StrictUndefined) என்ற அமைப்பைப் போட்டு வையுங்கள், பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் உடனே எரர் வந்து நிற்கும்.

அப்புறம் மொத்த அபராதம். டெம்ப்ளேட் லூப்புக்கு வெளியே மொத்தம் 0 என்று வைத்து உள்ளே கூட்டிக்கொண்டே போனேன், கடைசி வரியில் 0 என்றே வந்தது. பைத்தானில் இது ஓடும், ஜின்ஜாவில் ஓடாது. லூப்புக்குள் செட் செய்த மதிப்பு லூப் முடிந்ததும் போய்விடும். 2.10 பதிப்பு முதல் நேம்ஸ்பேஸ் என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் தேர்வில் அதைத் தேடிப் போகாதீர்கள். குவரியிலேயே சம் (SUM) போட்டு ஒரே எண்ணாக வாங்குங்கள், அபராதம் NULL-ஆக (மதிப்பே இல்லாமல்) இருக்கும் வரிகளையும் அது தானாகவே விட்டுவிடும். கூட்டுவது, வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது எல்லாம் டேட்டாபேஸ் நன்றாகச் செய்கிற வேலை. டெம்ப்ளேட்டுக்கு வரும்போது டேட்டா இலையில் பரிமாற வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இருக்க வேண்டும்.

யாரும் எடுக்காத புத்தகமும் பட்டியலில் வர வேண்டுமா? இரண்டு டேபிள்களை இணைக்கும் சாதாரண ஜாயின் போட்டால் அது காணாமல் போகும், லெஃப்ட் ஜாயின் போட வேண்டும். போட்டால் எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் "None" (நன், மதிப்பு இல்லை) என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும். மதிப்பு இல்லாத இடத்தில் வேறு சொல் வைக்கும் ஜின்ஜாவின் டிஃபால்ட் ஃபில்டர் போட்டும் அது போகவில்லையே என்று பலர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஆர்க்யுமென்டாக ட்ரூ கொடுத்தால்தான் நன்னையும் அது மாற்றும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டது: புத்தகத் தலைப்பில் யாராவது ஸ்கிரிப்ட் டேகை எழுதி வைத்தால் என்ன ஆகும்? ஓடாது, ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளுக்கு ஃபிளாஸ்க் எஸ்கேப்பிங்கை (டேகை வெறும் எழுத்தாகக் காட்டுவது) தானே ஆன் செய்து வைக்கிறது என்றேன். சரி, ஜின்ஜாவைத் தனியாகப் பயன்படுத்தினால்? அங்கே அது ஆஃப், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது பதில் அன்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள். சேஃப் ஃபில்டர் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழகுவதற்குப் பெரிய டேட்டாபேஸ் தேவையில்லை, ஐந்து வரி போதும். சாதாரணப் புத்தகம் ஒன்று, யாரும் எடுக்காதது ஒன்று, தலைப்பில் ஒற்றை மேற்கோள் குறி உள்ளது ஒன்று, தலைப்பில் ஹெச்டிஎம்எல் டேக் உள்ளது ஒன்று, தமிழ்த் தலைப்பு ஒன்று. பிறகு டேபிளையே காலி செய்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். ஜின்ஜா லூப்பில் எல்ஸ் எழுதலாம், ஒரு வரிகூட இல்லாதபோது அந்தப் பகுதி ஓடும், "புத்தகங்கள் எதுவும் இல்லை" என்று காட்டலாம். இத்தனையும் சரியாக வந்த பிறகு பார்டர், கலர் பக்கம் போங்கள்.