கடல் கன்னி வேண்டாம், ஆவுளியா தைப்போம்

அமெரிக்காவில் ஹாலோவீன் ராத்திரிக்குப் பெண்கள் போடுவதற்கென்று விற்கிற வேஷ உடுப்புகளைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஆணுக்குத் தீயணைப்பு வீரர் வேஷம் என்றால் முழுக்கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதே வேஷம் பெண்ணுக்கு என்றால் தொடைக்கு மேலேயே நின்றுவிடுகிற பாவாடை, கையில்லாத மேல்சட்டை, நடுவில் வயிறு. போலீஸ், டாக்டர், கடற்கொள்ளைக்காரி, எதை எடுத்தாலும் இதேதான். நான் தையல் தொழில் செய்கிறவள். துணியை எங்கே வெட்டியிருக்கிறார்கள், எதற்காக வெட்டியிருக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். துணியும் குறைவு, அதுவும் மெல்லிய பாலியஸ்டர், ஓரத்தைச் சரியாக மடித்துக்கூடத் தைக்கவில்லை, விலை மட்டும் கொள்ளை.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு ஹாலோவீன் என்று கேட்பீர்கள். என் தங்கச்சி கல்யாணமாகி நியூஜெர்சியில் எடிசன் என்கிற ஊரில் இருக்கிறாள், ஒரு பையன், ஒரு பொண்ணு. அங்கே பிள்ளைகள் அக்டோபர் 31 சாயங்காலம் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும்போது கூடப் போகிற அப்பா அம்மாவும் சிலர் வேஷம் போட்டுக்கொள்வார்கள், அவள் ஆபீஸிலும் அன்றைக்கு வேஷத்தில் வரச் சொல்வார்கள். கடையில் தேடினாள், இணையத்தில் தேடினாள், கடைசியில் ஒருநாள் வீடியோ காலில் வந்து, "அக்கா, உடம்பை மூடுற மாதிரி ஒண்ணு தச்சுக் குடு, வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

குளிர் ஒரு காரணம். அக்டோபர் கடைசியில் அங்கே பொழுது சாய்ந்தால் நம் ஊர் ஆட்கள் தாங்குகிற குளிர் இல்லை. ஆபீஸில் மேலதிகாரி முன்னால் அப்படி நிற்கப் பிடிக்காதது இன்னொன்று. மூன்றாவதாக அவள் சொன்னது, "எனக்குப் பிடிக்கலக்கா, அவ்வளவுதான்." அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும் என்பது என் கட்சி. குளிர், வேலை என்று காரணம் தேடி ஒரு பெண் தன் உடுப்புக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. குட்டையாகப் போட ஆசைப்படுகிறவள் போடட்டும், அவளைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் கிடையாது. மூடிய உடுப்பு வேண்டும் என்று காசு கொடுக்கத் தயாராக வருகிறவளுக்கு அங்கே ஒன்றுமே வைக்காமல் இருக்கிறார்களே, என் வருத்தம் அதில்தான்.

சேலை கட்டிக்கொண்டு போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள், எங்கள் அம்மா உட்பட. தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற சேலையை நாலு பேர் வேஷமாகப் பார்ப்பது அவளுக்கு ஆகாது. "நான் நானாவே போனா அது என்ன வேஷம்?" என்று கேட்டாள். நியாயம்தான்.

அப்போதுதான் கடல் கன்னி உடுப்பின் படத்தை அனுப்பினாள். மகளுக்கு மீன் வேஷம் போட ஆசை, அதனால் அம்மாவும் கடலில் இருந்து ஏதாவது ஒன்றாக வர வேண்டுமாம். படத்தில் இருந்தது மேலே இரண்டு சிப்பி, கீழே காலை இறுக்கிப் பிடித்த ஒரு வால். அதைப் போட்டுக்கொண்டு படியேறி இறங்கிப் பிள்ளைகளைப் பிடிக்கவும் முடியாது. எனக்கு உடனே ஆவுளியா ஞாபகம் வந்தது.

ஆவுளியா நம் கரைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கடல் பசு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆழமில்லாத இடத்தில் கடல் புல் மேய்ந்து வாழும். 10 அடி நீளம், 400 கிலோ வரை வளரும். மீன் இல்லை, மூச்சு விட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். பழைய காலத்து மாலுமிகள் இதைத் தூரத்தில் பார்த்துத்தான் கடல் கன்னி என்று நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அப்படியானால் அசல் கடல் கன்னி நம்ம ஆவுளியாதான், உடம்பு முழுக்கத் தடித்த சாம்பல் தோல், இடுப்பு என்று ஒன்று கிடையாது, சாந்தமான முகம். இதைவிடக் கண்ணியமான ஒரு வேஷத்தை நீங்கள் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனக்கு இந்தப் பிராணி மேல் தனிப் பாசம் உண்டு. முன்பு எங்கள் பக்கத்தில் இறைச்சிக்காகப் பிடித்தார்கள், பெரியவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் ஜெயில். இப்போது வலையில் மாட்டினால் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள், வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். குட்டி போடுவதும் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றே ஒன்றுதான், அதனால் ஒன்று செத்தாலும் பெரிய நஷ்டம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டன. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அரசு கடல் பசு காப்பகமாக அறிவித்தது, இந்தியாவிலேயே இதற்கென்று வந்த முதல் காப்பகம். எடிசனில் ஒரு தெரு முழுக்க இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

சரி, தைத்த கதைக்கு வருகிறேன், உங்களில் யாராவது தைப்பதாக இருந்தால் உதவும். துணி, சாம்பல் நிறத்தில் நல்ல கனமான பருத்திப் பனியன் துணி, ராமநாதபுரத்தில் வாங்கியது. அளவை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் உள்ளே ஸ்வெட்டர் போட்டால்தான் அந்த ஊரில் நிற்க முடியும். அந்த அளவுக்கு மேலேயும் மார்பிலும் இடுப்பிலும் சுற்றி 6 அங்குலம் கூட விட்டேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, முன்பக்கம் நீள ஜிப், இல்லாவிட்டால் பாத்ரூம் போக முழுசாகக் கழற்ற வேண்டியிருக்கும். கீழே தரையைத் தொடவிடக் கூடாது, இருட்டில் அடுத்த வீட்டுப் படியில் தடுக்கும். கையை முழுக்கையாக வைத்து நுனியை அகலமாகத் துடுப்பு மாதிரி வெட்டினேன், உள்ளங்கைப் பக்கம் ஒரு திறப்பு, பிள்ளை கையைப் பிடிக்கவும் போனை எடுக்கவும். வாலைக் காலோடு சேர்க்கவே இல்லை. இடுப்புக்குப் பின்னால் கொக்கி வைத்துத் தொங்கவிட்டேன், நுனி இரண்டாகப் பிரிந்த வால், காரில் உட்காரும்போது கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். தலைக்கு ஒரு முக்காடு, அதன் மேலே கீழ்நோக்கி வளைந்த தடித்த மூக்கு, மீசைக்கு மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பு, அதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. முகம் முழுசாகத் திறந்திருக்கும், முகமூடி கிடையாது. ரோடு தாண்டுகிறவள் கண்ணை எதுவும் மறைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பாக்கெட்.

பனியன் துணிதான் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் நெருப்பு. பூசணியைக் குடைந்து உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வாசல் படியில் வைக்கிறார்கள், இப்போது பேட்டரி விளக்கு வந்துவிட்டாலும் மெழுகுவர்த்தி வைக்கிற வீடுகளும் இருக்கின்றன. பருத்தியும் எரியும்தான், ஆனால் பாலியஸ்டர், நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தொங்குகிற வால், அகலக் கை எல்லாம் இருக்கிற உடுப்பில் இதை யோசிக்காமல் தைக்கக் கூடாது. அப்புறம் ஒன்று, வாலுக்கும் மூக்குக்கும் ஸ்பாஞ்சை அங்கேயே வாங்கி அடைத்துக்கொள்ளச் சொல்லி, பார்சலை வெறும் துணியாக அனுப்பினேன். கூரியர் செலவில் நிறைய மிச்சம்.

தைக்க ஆள் இல்லாதவர்கள் ஆண்கள் அளவில் வாங்குங்கள். அதே வேஷம், முழுக்கை, முழுக்கால், பக்கத்தைக் கொஞ்சம் பிடித்தால் போதும். இல்லையென்றால் அந்தக் குட்டை உடுப்புக்கு உள்ளே அதே நிறத்தில் முழுக்கை பனியனும் லெக்கிங்ஸும். சோளக்கொல்லை பொம்மை, விண்வெளி வீராங்கனை, தேனீ வளர்க்கிறவர்கள் போடுகிற வலைத்தொப்பி உடுப்பு, இதெல்லாம் இயல்பிலேயே மூடினவை. ஒன்றை மட்டும் கேட்காதீர்கள், கன்னியாஸ்திரி வேஷம். தொடை வரை கிழித்துவிட்ட ஒரு கன்னியாஸ்திரி உடுப்பின் படத்தைப் பார்த்தேன். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்ததும் சிஸ்டர்கள்தான். அதை நான் தைக்க மாட்டேன்.

இவ்வளவு ஆசையாகத் தைத்தேனே, அப்படியானால் இந்தத் திருநாள் எனக்குப் பிடிக்குமா என்றால், பாதிதான்.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் இது சாத்தான் திருநாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், இது அதற்கு முந்தின ராத்திரி, பெயரே அதிலிருந்து வந்ததுதான். அயர்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும்போது கொண்டாடிய பழைய சம்ஹைன் திருவிழாவின் பழக்கங்களும் அதோடு கலந்துவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், போன இடத்தில் பூசணி கிடைத்ததும் அதைக் குடைந்தார்கள். பிழைக்கப் போன சனம் தன் திருநாளைக் கையில் கிடைத்ததை வைத்து நடத்தியிருக்கிறது, அதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. வேஷம் போட்டு வீடு வீடாகப் போவதும் நமக்குப் புதுசா என்ன? தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, குறத்தி, ராஜா என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்குகிறார்களே. தங்கச்சியும் சொல்வாள், வருடம் முழுக்கக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிற தெருவில் அந்த ஒரு ராத்திரிதான் எல்லாக் கதவும் திறக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று. கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்கத் தட்டு கொடுத்து வளர்ந்தவளுக்கு அது பெரிய ஆறுதல்.

எனக்கு ஒப்பாதது அந்தப் பொய்க் கல்லறைகள். புல்வெளியில் பிளாஸ்டிக் கல்லறைக் கல், மண்ணிலிருந்து நீட்டுகிற எலும்புக் கை, மரத்தில் தொங்குகிற பிணம். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2, எங்களுக்குக் கல்லறைத் திருநாள். புல்லைப் பிடுங்கி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை குடும்பமாக நிற்போம். கடலுக்குப் போய் உடம்பு கிடைக்காதவர்களுக்குக் கல்லறை கிடையாது, அவர்கள் வீட்டுக்காரர்கள் நடுவில் இருக்கிற சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். அந்த இடத்தில் நின்று வளர்ந்த எனக்கு, ஒரு கல்லறையைச் சிரிப்புக்காக நட்டுவைப்பதைப் பார்க்க முடியவில்லை.

தனுஷ்கோடியிலும் இதே வருத்தம்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அந்த ஊரே போனது, பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டுபோனது. எங்கள் பாட்டியின் சொந்தத்திலும் ஆள் போயிருக்கிறார்கள். இப்போது இடிந்த தேவாலயத்துக்குள் நின்று பேய் வீடியோ எடுக்கிறார்கள், பயந்த மாதிரி ஓடுகிறார்கள். அங்கே பேய் எதுவும் இல்லை. செத்துப்போன எங்கள் சனம்தான் இருக்கிறது, அந்தச் சுவரை ஒட்டிக் கடை போட்டுப் பிழைக்கிறவர்களும் அவர்களுடைய பேரன் பேத்திகள்தான்.

தங்கச்சி இதில் என்னோடு ஒத்துப்போவதில்லை. சாவைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பிள்ளைகள் விளையாடிப் பழகட்டும் என்கிறாள். அவள் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது, பிள்ளைகள் எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரிக்கும்போது யாரையும் அவமதிக்க நினைப்பதில்லை. ஆனால் அவள் வீட்டு வாசலில் பூசணியும் சோளத்தட்டையும் மட்டும்தான் இருக்கும், கல்லறைக் கல் இருக்காது. அது எனக்காகவா, அம்மாவுக்காகவா என்று நான் கேட்டதில்லை.

ஆவுளியா நல்ல பெயர் வாங்கியது. யானையா, சீலா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் மகள்தான் விளக்கம் சொன்னாளாம், எங்க பெரியம்மா ஊர்க் கடல்ல இருக்கு என்று. இந்த வருடம் மகனுக்குத்தான் தைக்க வேண்டும், அவன் கேட்பது எலும்புக்கூடு. கறுப்பு உடுப்பில் வெள்ளை எலும்பை ஒட்டித் தைக்கச் சொல்கிறான். புதுப் பாம்பன் பாலம் மாதிரி நடுவில் தூக்குகிற வேஷம் செய்து தருகிறேன் என்று ஆசை காட்டினேன், அவன் மசியவில்லை. தைப்பதாக நான் இன்னும் சொல்லவில்லை, அளவை மட்டும் ஸ்வெட்டரோடு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.