இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை என்றால் வார்ஃபரின் மட்டுமே இருந்த நாட்களில் சிங்கப்பூரில் எங்கள் மருந்தகக் கவுண்டருக்கு வரும் தாத்தா பாட்டிகளுக்குத் தங்கள் ஐஎன்ஆர் எண், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு, மனப்பாடமாக இருக்கும், 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி, ஏறினாலோ இறங்கினாலோ கீரையா, புது மருந்தா என்று உட்கார்ந்து பேசுவோம். இப்போது பலருக்கும் அதே வேலைக்குப் புது மருந்துகள்: ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான். அடிக்கடி ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லை, கீரைக்கும் தடையில்லை. நல்ல மருந்துகள்தான், மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயம் வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் அந்த எண் போனதோடு எங்கள் பேச்சும் குறைந்துவிட்டது, அதுதான் என் கவலை.

ரிவராக்ஸபானையே பாருங்கள். 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும், சாப்பாட்டோடு போட்டால் கிட்டத்தட்ட முழுவதும் சேரும். நம் பெரியவர்களில் நிறைய பேருக்குக் காலையில் ஒரு கோப்பி, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் அதுவும் கிடையாது. “தினமும் தவறாம போடுறேன் தம்பி” என்பார்கள், அது உண்மைதான், ஆனால் மருந்து பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கும், அதைக் காட்டிக்கொடுக்க எந்த எண்ணும் இருக்காது. அதனால் “சாப்பிட்டதும் போடுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை நான். இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, சோறா, வெறும் பாலா என்று கேட்டுவிட்டுத்தான் நேரத்தை எழுதுவேன்.

அப்புறம் டாபிகாட்ரான். விழுங்கச் சிரமம் என்று கேப்ஸ்யூலைப் பிரித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. கூடவே கூடாது. உள்ளே இருக்கும் மணிகள் தனியாக வெளியே வந்தால் ரத்தத்தில் சேரும் அளவு 75 சதவீதம் வரை கூடிவிடும். அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், எனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் ஆபத்து.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, பல் பிடுங்கப் போகிறோம், ஈறில் ரத்தம் வந்தது என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவதை. வார்ஃபரினை நிறுத்தினால் அதன் வேலை சில நாள் நீடிக்கும், அபிக்ஸபானுக்கோ 12 மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும், இரண்டு நாளில் பாதுகாப்பே இருக்காது. இதயத்துடிப்பு ஒழுங்கற்றவருக்கு அந்த இடைவெளியில் பக்கவாதம் வரலாம். பல் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்பதை அவரும் உங்கள் டாக்டரும் முடிவு செய்யட்டும்.